தடுப்பூசிச் செவிலியரின் அறிவுப்படிகள்

நோய் வந்தபின் தீர்ப்பது மருத்துவத்தின் ஒரு கூறு. நோய் வருமுன் உடலை அணியப்படுத்தி வைப்பது அதன் மற்றொரு கூறு. இரண்டாம் கூற்றின் கருவிகளுள் தலையாயது தடுப்பூசி. வலுவிழந்த அல்லது உயிரிழந்த நோய்நுண்ணுயிரையோ அதன் ஒரு பகுதியையோ உடலுக்குள் செலுத்தி, உண்மை நோய் தாக்குவதற்கு முன்பே உடலின் காப்பணுக்களுக்கு அந்நோயின் அடையாளத்தைக் கற்பித்து வைத்தலைத் தடுப்பேற்றம் என்கிறோம். அங்ஙனம் கற்ற அணுக்களுள் ஒரு பகுதி நினைவணுக்களாக நெடுங்காலம் நிலைத்திருக்க, பின்னொரு நாள் அந்நோய் நுழையும்போது உடல் எதிரியங்களை விரைந்து பெருக்கி அதனை எதிர்கொள்கிறது.

இவை ஆய்வகத்தில் தெளியப்பட்ட உண்மைகள். ஆய்வகத்தில் பிறந்த மருந்து ஒரு குழந்தையின் உடலை அடையும் நெடுவழியின் இறுதியில் நிற்பவரோ ஊர்ப்புறச் செவிலியர். அவர் செய்வது ஊசி குத்துதல் என்னும் ஒற்றைச் செயல் என்றே பலரும் எண்ணுகின்றனர். அப்பணி பகுத்தாய்ந்து கற்கத்தக்க ஓர் அறிவுத்துறை என்பதும், ஆகவே அதில் ஈடுபட்டோரின் பணியுயர்வு ஆண்டுகளின் எண்ணிக்கையால் மட்டுமன்றி அறிவின் வளர்ச்சியாலும் அளக்கப்பட வேண்டும் என்பதும், அவ்வறிவு முழுவதையும் தமிழில் தெளிவுறக் கற்பிக்க இயலும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டிக் கிடக்கும் பகுதிகளை இதற்குக் களமாகக் கொள்கிறேன். அங்கே இப்பணியின் கூறுகள் அனைத்தும் மிகக் கடுமையான தேர்வுக்கு உள்ளாகின்றன.

அப்பணியை நான்கு அறிவுகளாகப் பகுக்கலாம். மருந்தைக் கெடாமல் காப்பது காப்பறிவு. அதனை உரிய இடத்தில் உரிய அளவில் செலுத்துவது கையறிவு. யாருக்கு எது எப்போது என்று கணித்துப் பதிவது கணக்கறிவு. தாய்க்கும் தந்தைக்கும் புரியவைப்பது சொல்லறிவு. இந்நான்கனுள் வெளியார் கண்ணுக்குப் புலனாவது கையறிவு ஒன்றே. நான்கனுள் ஆழமானது காப்பறிவு என்பதே என் கருத்து. ஆதலால் அதனையே முதலில் விரித்துரைக்கிறேன்.

தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 பாகை செல்சியசு வரையிலான குளிரில் இருத்தல் வேண்டும். தொழிற்சாலையிலிருந்து குழந்தை வரை இக்குளிர் எவ்விடத்தும் அறுபடாமல் தொடரும் ஏற்பாடே குளிர்தொடர். நலவாழ்வு நிலையத்தில் பணியாளர் ஐ.எல்.ஆர். என்று சுருக்கிச் சொல்லும் பனிச்சுவர்க் குளிர்பெட்டியும், சிற்றூருக்குப் புறப்படும்போது தோளில் தொங்கும் மருந்துப் பேழையும் அத்தொடரின் கண்ணிகள். ஆனால் குளிரக் குளிர நன்று என்று கருதுவது பெரும்பிழை. தடுப்பு மருந்துகள் இரு வகைப்படும். வெம்மை தாங்காதவை ஒரு வகை. வாய்வழிப் போலியோ மருந்தும், காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. மருந்தும், தட்டம்மை-ரூபெல்லா மருந்தும் இதன்பாற்படும். உறைவு தாங்காதவை மற்றொரு வகை; கல்லீரல் அழற்சி-பி மருந்தும், 2011 திசம்பரில் இந்திய மாநிலங்களுள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதன்முதலாக அறிமுகமான ஐம்பிணித் தடுப்பு மருந்தும் இதன்பாற்படும்.

உறைந்தால் ஏன் கெடுகிறது? இரண்டாம் வகை மருந்துகளில் காப்பணுக்களை நன்கு தூண்டும் பொருட்டு அலுமினிய உப்பு துணைத்தூண்டியாகச் சேர்க்கப்படுகிறது. மருந்தின் செயற்கூறு அந்த உப்பின் நுண்துகள்கள் மேல் படிந்திருக்கும். நீர் உறையும்போது துகள்கள் நெருக்குண்டு ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகின்றன. பின்னர் உருக்கினாலும் அத்திரள் பிரிவதில்லை. மருந்தின் ஆற்றல் மீள்வதுமில்லை. வெம்மையால் நேரும் கேட்டைக் குப்பியின் மேல் ஒட்டியுள்ள வெப்பங்காட்டி அறிவித்துவிடும். அதன் நடுச்சதுரம் சுற்றுவட்டத்தைவிட வெளிறியிருக்கும் வரை மருந்து பயன்படும். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் இன்னும் கருத்துவிட்டாலோ மருந்தை விலக்க வேண்டும். உறைவால் நேர்ந்த கேட்டையோ அந்த வெப்பங்காட்டி காட்டுவதில்லை. அதனைக் காணச் செவிலியர்க்கு உள்ள வழி குலுக்கல் ஆய்வு. அதே தொகுதியைச் சேர்ந்த ஒரு குப்பியை வேண்டுமென்றே கல்லாக உறையவைத்து உருக்கி, ஐயத்துக்குரிய குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் அருகருகே வைத்து நோக்க வேண்டும். ஐயத்துக்குரிய குப்பியிலும் வண்டல் அதே விரைவிலோ இன்னும் விரைவாகவோ படிந்தால் அது கெட்டது. மெல்லப் படிந்தால் நல்லது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, இரு குப்பிகளும் சில மணித்துளிகளும் கொண்டு ஒரு செவிலியர் நிகழ்த்தும் இவ்வாய்வில் ஒப்புநோக்கு என்னும் அறிவியல் நெறி முழுமையாக அடங்கியிருக்கிறது.

இனி நிலத்தை நோக்குவோம். மேற்குத்தொடர் மலையின் இடைவெளியில் அமைந்த பாலக்காட்டுச் சமவெளியில் கோடை வெம்மை 40 பாகையைக் கடப்பதுண்டு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என எல்லையோரம் நீளும் ஊர்களில் செவிலியரின் முதற்கவலை வெப்பம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலோ சனவரி விடியலில் புல்மேல் உறைபனி படிகிறது. அங்கே உறைவும் கவலைக்குரியது. எனினும் எந்த ஊரிலும் மருந்தை உறையவைக்கும் பெரும்பகை வெளிக்காற்றினும் பேழைக்குள் இடும் பனிக்கட்டிப் பொதியே. உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் அதனைப் பேழைக்குள் அடுக்கினால், அதனைத் தொட்டிருக்கும் குப்பி உறைந்துவிடும். ஆகவே பொதிகளை வெளியே வைத்து, மேற்பரப்பு வியர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும் வரை காத்திருந்து, அதன் பின்னரே அடுக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரம் கொழிஞ்சாம்பாறையில் குறைவாகவும் மலையூரான வட்டவடையில் மிகுதியாகவும் இருக்கும். நூல் ஒன்றே, நிலத்துக்கேற்ப அதனைப் படிக்கும் கூர்மை செவிலியருடையது.

பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளம் இதற்கு மேலும் ஒரு சான்று. கேரளத்துக்குள் அடங்கிய அவ்வூருக்கு வண்டி செல்லும் வழி தமிழகத்தின் சேத்துமடை வழியாகவே அமைந்திருக்கிறது. பாலக்காட்டிலிருந்து புறப்படும் மருந்துப் பேழை ஒரு மாநிலத்தை விட்டு நீங்கி, மற்றொன்றின் சமவெளியைக் கடந்து, மலையேறி, மீண்டும் தன் மாநிலத்துக்குள் நுழைகிறது. முறைப்படி அடுக்கி இறுக மூடிய பேழை ஏறத்தாழ 12 மணி நேரம் குளிர் காக்கும். அந்நேரத்துக்குள் போக்கும் பணியும் வரவும் அடங்க வேண்டும். தேவிகுளம் வட்டத்தில், 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலைக்குடியில் முதுவர் குடிகள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே செல்லும் செவிலியர், எக்குடிக்கு முதலில் போவது, எந்தக் குப்பியை எங்கே திறப்பது என்பதையெல்லாம் புறப்படுமுன்பே வகுத்துக்கொள்கிறார். கரைத்த பி.சி.ஜி. மருந்தும் தட்டம்மை-ரூபெல்லா மருந்தும் 4 மணி நேரத்துக்குமேல் பயன்படா. திறந்த ஐம்பிணிக் குப்பியையோ முறைப்படி குளிர்காத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். இவ்வேறுபாட்டை உணர்ந்து வழியமைப்பது ஒரு கணித வினாவுக்கு விடை காண்பதேயாகும்.

கையறிவைப் பற்றி நீண்டுரைக்க வேண்டுவதில்லை. ஐம்பிணி மருந்து இடத்தொடையின் தசையுள், தட்டம்மை-ரூபெல்லா வலக்கையின் தோலடியில், பி.சி.ஜி. இடக்கையின் தோலிடையில் என ஒவ்வொன்றுக்கும் இடமும் ஆழமும் உண்டு. ஒரு திங்கள் நிரம்பாத குழந்தைக்குப் பி.சி.ஜி. 0.05 மில்லிலிட்டர், தோலின் இரு அடுக்குகளுக்கு இடையே அத்துளியைச் செலுத்திச் சிறு கொப்புளம் எழச் செய்வதற்கு நெடும்பயிற்சி வேண்டும்.

அக்கைத்திறனின் பயன் எவ்வளவு என்பதை உலகறிய ஒரு நிகழ்ச்சி காட்டியது. கோவிட் பெருந்தொற்றின்போது, 2021 மே தொடக்கத்தில், கேரளம் பெற்ற மருந்து 73,38,806 அளவைகள் என்றும், அதனைக் கொண்டு போட்ட ஊசிகள் 74,26,164 என்றும் அம்மாநில முதலமைச்சர் பினராயி விசயன் அறிவித்தார். பெற்றதைவிடப் போட்டது 87,358 மிகுதி. இது எங்ஙனம் கூடும்? பத்து அளவைக்குரிய குப்பியில், ஊசிக்குழலில் எஞ்சியும் சிந்தியும் போகும் துளிகளை ஈடுசெய்யும் பொருட்டுச் சிறிது மிகை மருந்து நிரப்பப்படுகிறது. 0.5 மில்லிலிட்டரைக் கூடாமலும் குறையாமலும் அளந்து, காற்றுக்குமிழி போக்குகையில் ஒரு துளியும் வீணாக்காமல் எடுத்தால், அம்மிகையே பதினொன்றாம் அளவையாகிறது. இரு குப்பிகளின் எச்சங்களை ஒன்றுசேர்த்தல் கூடாது என்னும் நெறிக்கு உட்பட்டே இதனைச் செய்ய வேண்டும். செவிலியரின் இத்திறத்தை முதலமைச்சரும் தலைமை அமைச்சரும் வெளிப்படையாகப் பாராட்டினர். பாராட்டு தக்கதே. அத்திறம் அவர்தம் பணியேட்டில் ஒரு தகுதியாகப் பதியப்படுமாயின் இன்னும் தக்கதாகும்.

கணக்கறிவுக்கு வருவோம். தேனி மாவட்டத்துப் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உடும்பஞ்சோலைப் பகுதியின் ஏலத்தோட்டங்களுக்கு உழைப்பாளர் வந்துபோகின்றனர். தலைமகப்பேற்றுக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். ஆதலால் தோட்டத்தில் வாழும் ஒரு பெண் போடியில் மகப்பெற, குழந்தையின் முதல் ஊசிகள் தமிழகத்தில் அமையும். ஆறாம் கிழமைக்குரியது அங்கே, பத்தாம் கிழமைக்குரியது கேரளத்தில் என்று பிரியவும் கூடும். இரு மாநிலப் பதிவேடுகளும் தனித்தனியே இயங்க, அக்குழந்தை இரண்டிலும் இடம்பெறலாம்; இரண்டிலும் விடுபடவும் செய்யலாம். இங்கே செவிலியர் அறிந்திருக்க வேண்டிய அடிப்படை நெறி ஒன்று உண்டு. இடையில் நாள் தவறினாலும் ஊசி வரிசையை முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. விட்ட இடத்திலிருந்து, ஐம்பிணி போன்ற மருந்துகளுக்கு நான்கு கிழமைக்குக் குறையாத இடைவெளியில், தொடர்ந்தால் போதும். நினைவணுக்கள் முன்பு கற்றதை மறப்பதில்லை என்பதே அந்நெறியின் அடிப்படை. இதனை அறியாதார் கையில், அட்டையைத் தொலைத்த குழந்தை வீணே திருப்பி அனுப்பப்படுகிறது.

ஒரு குழந்தை விடுபட்டால் என்ன கேடு என்று வினவலாம். தட்டம்மை கண்ட ஒருவர், தடுப்பாற்றலற்ற மக்களிடையே 12 முதல் 18 பேருக்கு நோயைப் பரப்பக்கூடும். ஆகவே ஓர் ஊரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் தடுப்பாற்றல் பெற்றிருந்தால்தான் நோய் பரவும் வழியின்றி அடங்கும். ஊசி ஏற்க இயலாத கைக்குழந்தையையும் நோயாளியையும் சுற்றியுள்ளோரின் ஆற்றலே காக்கிறது. இதனை ஊர்த்தடுப்பாற்றல் எனலாம். மாநிலச் சராசரி உயர்ந்திருந்தும் எல்லையோரத் தோட்டத்துக் குடியிருப்பு வரிசை ஒன்றில் விடுபட்டோர் திரண்டிருப்பின், நோய் அவ்விடத்தையே தேடிப் பற்றும்.

இனிப் பணிப்படிகள். இன்றைய ஊர்ப்புறத் தடுப்பூசிப் பணியின் முன்னோர் பெரியம்மைக் காலத்து அம்மைகுத்துவோர். பாலக்காடு அன்று சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. திருவிதாங்கூரில் அரசுப் பணியாளர், சிறையாளர், மாணவர் ஆகியோர் அம்மைகுத்திக் கொள்வதை 1879ஆம் ஆண்டு அரச ஆணை கட்டாயமாக்கியது; சென்னை மாகாணத்துக்கு அம்மைப்பால் ஆக்கித் தரும் பொருட்டுக் கிண்டியில் 1899இல் கிங் ஆய்வகம் நிறுவப்பட்டது. அம்மைகுத்துவோர்க்கு ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே வேலை. 1973இல் கர்த்தார் சிங் குழு, ஒருநோய்ப் பணியாளரை ஒருங்கிணைத்துப் பன்முகப் பணியாளராக்கப் பரிந்துரைத்தது. சமவெளியில் 5,000 பேருக்கும், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்னும் அளவு பின்னர் நாடெங்கும் வேரூன்றியது.

இன்று கேரளத்தில் அப்பொறுப்பை ஏற்றிருப்பவர், தோட்டத்து மக்கள் ‘சிஸ்டர்’ என்று அழைக்கும் இளநிலைப் பொதுநலச் செவிலியர். மேனிலைப் பள்ளிக்கல்விக்குப் பின் ஈராண்டுத் துணைச்செவிலியர் பயிற்சி பெற்று அவர் பணியில் சேர்கிறார். அவருக்கு மேல் அப்பதவியின் முதல்நிலை, அதற்கு மேல் பொதுநலச் செவிலியர், அதற்கும் மேல் பொதுநலச் செவிலிய மேற்பார்வையாளர், மாவட்ட அளவில் மாவட்டப் பொதுநலச் செவிலியர், தாய்சேய் நல அலுவலர் எனப் படிகள் உயர்கின்றன. எல்லைக்கு இப்பால் தமிழகத்தில் கிராம சுகாதாரச் செவிலியர், பகுதி சுகாதாரச் செவிலியர், சமுதாய சுகாதாரச் செவிலியர், மாவட்டத் தாய்சேய் நல அலுவலர் என்னும் வரிசை இதற்கு இணையாக நிற்கிறது.

இப்படிகளுக்கு உரிய அறிவு யாது என்று வகுத்தால் ஓர் ஒழுங்கு புலனாகும். முதற்படியில் நிற்பவர் ஒரு குழந்தையைக் காண்கிறார். நான்கு அறிவும் அவருக்கு ஓர் உடலின் அளவில் தேவை. அடுத்த படியில் நிற்பவர் பதிவேட்டைக் காண்கிறார். ஐம்பிணி முதல் ஊசி பெற்ற நூறு குழந்தைகளுள் எண்பத்தெட்டுப் பேரே தட்டம்மை ஊசிக்கு வந்தனர் எனில், விடுபாட்டு வீதம் 12 விழுக்காடு என்று கணித்து, அப்பன்னிருவர் எந்தத் தோட்டத்தார், எந்தத் திங்களில் மறைந்தனர் என்று தேடத் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டப் படியில் நிற்பவர் நிலப்பரப்பைக் காண்கிறார்; ஊசிக்குப் பின் எழுந்த ஒரு கெடுவிளைவு மருந்தால் நேர்ந்ததா, கைப்பிழையால் நேர்ந்ததா, அச்சத்தால் நேர்ந்ததா, தற்செயலா என்று பகுத்துணரும் புலனாய்வு அவருக்கு வேண்டும். குழந்தை, பதிவேடு, நிலப்பரப்பு என்று பார்வை விரிய விரிய, கையின் பங்கு குறைந்து கருத்தின் பங்கு கூடுகிறது.

நடைமுறை இவ்வொழுங்கோடு முற்றும் பொருந்தவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். பணியுயர்வு பெரிதும் பணிமூப்பைப் பற்றி நிற்கிறது. துணை நிலையங்களில் அண்மை ஆண்டுகளில் உருவான இடைநிலை நலப்பணியாளர் பொறுப்புக்குச் செவிலியப் பட்டமோ மூவாண்டுப் பொதுச்செவிலியர் பட்டயமோ வேண்டும்; ஆகவே அந்நிலத்தையும் மக்களையும் இருபதாண்டு அறிந்த துணைச்செவிலியர்க்கு அவ்வாயில் திறப்பதில்லை. அவர் பணியிலிருந்தவாறே பொதுச்செவிலியர் பட்டயமும், அதன்மேல் ஈராண்டுப் பட்டமும் பெறுதற்கு ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பும், பட்டறிவுக்குரிய முன்னுரிமையும் வேண்டும். கடும் ஒவ்வாமை அதிர்ச்சி நேர்ந்தால், மருத்துவர் வருமுன் அகவைக்கேற்ற அட்ரினலின் ஊசி ஒன்றைத் தாமே தசையுள் செலுத்தும் உரிமையை இந்திய வழிகாட்டு நெறிகள் துணைச்செவிலியர்க்கு வழங்கியுள்ளன. உயிர் காக்கும் முடிவை நொடியில் எடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தபின், மேற்கல்விக்கு அவரைத் தகுதி குன்றியவராகக் கருதுவது முறையாகாது.

நான்காவதாகிய சொல்லறிவை இறுதிக்கு வைத்தது ஏதுவோடுதான். ஊசியிட்டபின் தாயிடம் நான்கு செய்திகள் சொல்ல வேண்டும்: இன்று இட்டது எந்நோயைத் தடுக்கும்; என்ன விளைவு தோன்றலாம், தோன்றினால் என்ன செய்வது; அடுத்த ஊசி எப்போது; அட்டையைப் பேணி மறவாது கொண்டுவருக. பின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்ல வேண்டும். இச்செய்திகள் தாய்மொழியில் அன்றி வேறெம்மொழியில் சொன்னாலும் பாதியே சென்று சேரும். தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களின் தோட்டங்களிலும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கிழக்கூர்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படுவது தமிழ். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ளும் உரிமையை ஏற்கிறது. தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் என்று தனிப்பிரிவு வகுத்து அம்மாநிலப் பணியாளர் தேர்வாணையம் ஆளெடுக்கிறது. மடல் எழுதுவோர்க்கு ஏற்கப்பட்ட அந்நெறி, குழந்தைக்கு ஊசியிடுவோர்க்கும் அவரை மேற்பார்ப்போர்க்கும் ஒவ்வொரு படியிலும் வலுவாக நிற்றல் வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பயின்ற பெண் செவிலியராகித் தன் மக்களிடமே திரும்பும் வழி அகல வேண்டும்.

அதற்குத் தமிழில் நூல் வேண்டும். குளிர்தொடர், குலுக்கல் ஆய்வு, வெப்பங்காட்டி, விடுபாட்டு வீதம், துணைத்தூண்டி, ஊர்த்தடுப்பாற்றல் என இக்கட்டுரையில் ஆண்ட சொற்கள் எவையும் அயல்மொழியின் துணையை நாடி நிற்கவில்லை. அவற்றுள் பொருந்தாதன இருப்பின் பொருத்தமானவற்றை அறிஞர் ஆக்கித் தருக. ஐம்பிணி மருந்து உறைவால் கெடும் வகையும், தட்டம்மை பரவும் கணக்கும், ஒவ்வாமை அதிர்ச்சியை அறியும் குறிகளும் படத்தோடும் பயிற்சி வினாக்களோடும் அடங்கிய தமிழ்ப் பாடநூல் ஒன்று எல்லையின் இருபுறத்துச் செவிலியர்க்கும் ஒருங்கே பயன்படும். தமிழறிந்த மருத்துவர்களும் செவிலியக் கல்லூரி ஆசிரியர்களும் கூடியமர்ந்து அந்நூலை எழுத முன்வருக. இரு மாநில நலவாழ்வுத் துறைகளும் அதனைத் தம் பயிற்சியிலும் பணியுயர்வுத் தேர்விலும் ஏற்றுக்கொள்க.